இரண்டாம் பாகம் வெளியே போயிருக்கிறது

என் நாவலில் மொத்தம் பதினோரு கொலைகள். இதைக் கேட்டதும் இன்றைக்கும் சிலர் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறார்கள். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். கோழி அறுக்கும் இடத்தில்கூட நிற்க மாட்டேன். ஆனால் மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தால், அரைமணி நேரத்தில் ஒருவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு, இரண்டு மணிக்கு மேனேஜருடைய கடிதங்களை எடுத்துக்கொள்வேன். எழுதும்போது எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. பயமெல்லாம் புத்தகம் வெளிவந்த பிறகுதான் வந்தது.

கதை இதுதான். வெள்ளைக்காரன் மலைக்கு ரோடு போடுவதற்கு முந்தின காலம். அடிவாரத்தில் ஒரு சுங்கச்சாவடி. மலையிலிருந்து தேனும் மெழுகும் இறங்கும், கீழேயிருந்து உப்பும் துணியும் பொதிமாட்டில் ஏறும். சாவடியில் அதிகாரம் பண்ணுகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒருவனுடைய தலை மிளகு மூட்டைக்குள் தைத்து வருகிறது. சாவடியில் ஓலை எழுதுகிற ஒருவன் துப்புத் துலக்குகிறான். கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். அட்டையில் ரத்தம் சொட்டும் அரிவாள். என் கதையில் அரிவாளே கிடையாது, அறுப்பதெல்லாம் கத்தியால்தான். படம் போட்டவர் கதையைப் படிக்கவில்லை.

படித்தவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏனுங்க, ஆறாம் அத்தியாயத்துல கழுத்தறுத்து மூணு மணி நேரமாகியும் ரத்தம் சொட்டிட்டே இருக்குதுங்களே, அதெல்லாம் அரை மணியில உறைஞ்சு போயிருமுங்க" என்றார். அது குளிர்காலம் இல்லை, அடிவாரத்து வெயில் என்று நான் வாதாடிப் பார்த்தேன். "எந்த வெயிலா இருந்தா என்னங்க, நான் தெனமும் பாக்கறேன்" என்று முடித்துவிட்டார். ஆபீஸ் மேனேஜர் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். நான்காம் நாள் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று தணிந்த குரலில் விசாரித்து, கேட்காமலே இரண்டு நாள் லீவு கொடுத்தார். மூன்றாவது கொலையில் குழம்பில் விஷம் வைத்திருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் படித்த பிறகு, நான் கொடுத்த குழம்பை முதலில் தன் வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தான் சாப்பிட்டாளாம். அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். எனக்கு அவளுடைய வீட்டுக்காரரை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் தலைமையிடம், குன்னூர் பஜாரில் பாய் ஒருவர் நடத்திய வாடகை நூலகம். எங்கள் ஊருக்கு டி.வி. வராத காலம். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. தடிமனான புத்தகம் வந்தால் பாய் அதை நடுவில் பிரித்து, இரண்டு பாகமாக அட்டை போட்டுத் தைத்துவிடுவார். ஒரு புத்தகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் படிக்கலாம் அல்லவா. முதல் பாகம் படித்தவர் இரண்டாம் பாகத்துக்காக வந்து நிற்பார். அது வேறொருவர் கையில் இருக்கும். "ரெண்டாம் பாகம் வெளியே போயிருக்குதுங்க" என்று பாய் சொல்வதைக் கேட்காத ஆள் குன்னூரில் இருந்திருக்க முடியாது.

என் புத்தகத்தையும் அப்படித்தான் இரண்டாக்கினார். பதினான்கு அத்தியாயம் முதல் பாகம், மீதி இரண்டாம் பாகம். பெற்றவளுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில்தான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். மூடி வைத்த புத்தகத்தின் வெளி ஓரத்தைப் பார்த்தாலே போதும், ஜனங்கள் எந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள் என்று தெரிந்துவிடும். கை அழுக்குப் பட்டு அந்த இடம் கறுத்திருக்கும். மிளகு மூட்டை வரும் பக்கங்கள் கன்னங்கரேல் என்று இருந்தன. இரண்டாம் பாகத்தில் மட்டும் ஓர் இடத்தில் நூல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. பதினேழாம் அத்தியாயம்.

"அக்கா, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. அந்தப் பதினேழை எடுத்திருந்தா புத்தகம் எங்கியோ போயிருக்கும்" என்றார் பாய். "அதுல ஒரு கத்திக்குத்துகூட இல்லை. எல்லாரும் தள்ளிட்டுப் போயிடறாங்க."

பதிப்பாளரும் அதையேதான் சொல்லியிருந்தார். அந்த அத்தியாயத்தில் நடப்பது இவ்வளவுதான். கொலைகாரனைப் பார்த்துவிட்ட ஒரு பொதிமாட்டுக்காரனை மலைப்பாதையில் பள்ளத்தில் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அவனைக் கோரைப்பாயில் சுருட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். பார்க்க வேண்டாம், அப்படியே எடுத்துவிடலாம் என்று ஊரே சொல்கிறது. அவன் மனைவி வாசலை மறித்து உட்கார்ந்து, கட்டை அவிழ்க்கச் சொல்கிறாள். அவிழ்த்ததும் அவன் முகத்தையும் கையையும் தண்ணீர் தொட்டுத் துடைக்கிறாள். பன்னிரண்டு பக்கம். அதை எழுத எனக்கு மூன்று வாரத்து மதிய இடைவேளைகள் பிடித்தன. மற்றவர்களைக் கொன்றபோது வராத ஒரு தயக்கம் இவனிடம் வந்தது. பாவம், இவன் ஒரு தப்பும் செய்யவில்லை, வெறுமனே அந்த வழியாக வந்தவன். அவனை உருட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. எடுத்துவிடுங்கள் என்று பதிப்பாளர் சொன்னபோது, முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதில் பெரிய இலக்கியக் கொள்கை ஒன்றும் இல்லை. மூன்று வார உழைப்பு, அவ்வளவுதான்.

புத்தகம் வந்த அடுத்த வருடம் என் மகளுக்கு வரன் பார்த்தோம். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பையன் ஊட்டியில் மின்சார ஆபீஸில் இருந்தான். அவன் அம்மா இத்தலாரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். எங்களைப் போலவே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். அப்பா இல்லை. ஏதோ விபத்து என்று தரகர் சொன்னார், அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

பெண் பார்க்க அம்மாவும் பையனும் மட்டும் வந்தார்கள். டீச்சர் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. சோபா முனையில் உட்கார்ந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், அலமாரியைக் காட்டி, "நெறையப் புஸ்தகம் இருக்குதுங்களே, யாரு படிக்கறதுங்க?" என்றார்.

"அம்மா கதை எழுதுவாங்க" என்றாள் என் மகள்.

"அப்படீங்களா. என்ன கதைங்க?"

என் கணவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெடிமருந்து செய்கிற இடத்தில் பத்தொன்பது வருடம் கை நடுங்காமல் வேலை பார்த்த மனிதர். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பக்திக் கதைங்க" என்றார்.

"கொலைக் கதை" என்றாள் மகள், அதே நொடியில்.

பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பஜ்ஜி புரையேறி அவன் தலையை அவன் அம்மாவே தட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பில் என் மகள் விழுந்துவிட்டாள் என்பதை அவள் காபித் தம்ளர்களை எடுத்துப்போன விதத்திலேயே நான் கண்டுகொண்டேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "போயிட்டு வர்றோமுங்க, சொல்லி அனுப்பறேனுங்க" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது பாய் கடை வாசலிலிருந்தே கையாட்டினார். "அக்கா, நேத்து இத்தலார் டீச்சரம்மா ஒருத்தங்க மெம்பரானாங்க. எடுத்ததே உங்க புத்தகந்தான், முதல் பாகம்!" எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவள் என் வாசகி. எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

அந்தச் சந்தோஷம் அன்று ராத்திரி வரைதான் இருந்தது. என் கணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் இத்தலார்ப் பக்கத்துக்காரர். அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"ஏம்புள்ள, அந்த டீச்சர் வீட்டுக்காரரு கேரட் லாரி வச்சிருந்தவராம். எட்டு வருஷத்துக்கு முன்னால, மழைக்காலத்துல, லாரியோட பர்லியார்கிட்டப் பள்ளத்துல போயிட்டாராம். அதுக்கப்புறம் அந்தம்மா குன்னூர் ரோட்டுல எறங்கறதே இல்லையாம். கோயம்புத்தூர் போகணும்னா கோத்தகிரி வழியாச் சுத்திட்டுத்தான் போறாங்களாம்."

 என் பொதிமாட்டுக்காரனை நான் தள்ளியது எந்தப் பள்ளத்தில் என்று என் கணவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய பள்ளம் ஒன்றுதான். கதையில் பர்லியார் என்று பேர் போட்டே எழுதியிருந்தேன்.

பதினேழாம் அத்தியாயம் இரண்டாம் பாகத்தில் இருந்தது. மறுநாள் காலை கடை திறந்ததும் போய், பாயிடம் அந்தப் பாகத்தைக் கேட்டு வாங்கினேன். எழுதினவர்களே வாடகைக்கு எடுப்பதைப் பாய் அதற்கு முன் பார்த்ததில்லை. "டீச்சரம்மா வந்து கேட்டா, வெளியே போயிருக்குதுன்னு சொல்லுங்க பாய். காரணம் அப்புறம் சொல்றேன்" என்றேன். குன்னூரில் இருந்தது அந்த ஒரு பிரதிதான். என் வீட்டில் இருந்த பிரதிகளை யார் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. ஆகவே இதை ஒளித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினேன்.

முதல் பாகத்தில் நான்கு தலை உருண்டதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதெல்லாம் கதைக் கொலைகள், படிக்கிறவர்களுக்கே தெரியும். இந்த ஒன்று மட்டும் அந்த அம்மாள் கண்ணில் படக்கூடாது. வேண்டாத புண்ணைக் கிளறிவிட்டு, அந்தக் கையாலேயே என் மகளை அவர் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

ஒரு வாரம் போயிற்று. இத்தலாரிலிருந்து தகவல் இல்லை. இரண்டு வாரம் போயிற்று. தரகரைக் கேட்டால், "அந்தம்மா யோசிக்கறாங்க" என்றார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அந்தச் செடிக்கு அப்படி ஒரு கவனிப்பு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. என் கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "மிளகு மூட்டை வேலையைக் காட்டிருச்சு" என்றார். நான் அவரை முறைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். முதல் பாகமே அந்த அம்மாளைத் துரத்திவிட்டது என்று நம்பிவிட்டேன். பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு டைப் மெஷினை வைத்துக் கெடுத்தவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இனி எழுதுவதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

மூன்றாம் சனிக்கிழமை பாய் என்னை வழிமறித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, எத்தனை நாளைக்குத்தான் அந்தம்மாகிட்ட நான் பொய் சொல்றது? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கூல் விட்டு ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. ரெண்டாம் பாகம் வந்துச்சான்னு கேக்கறாங்க. இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? பையன் கல்யாணப் பேச்சு ஒண்ணு இந்தப் புத்தகத்துல நிக்குது, முடிக்காம நான் ஒரு வார்த்தை சொல்றதா இல்லைன்னு சொல்றாங்க. எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சுக்கா."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தகவல் வரவில்லை, தகவல் வரவில்லை என்று மூன்று வாரமாக உருகிக்கொண்டிருந்தேன். தகவலை அரிசி டிரம்முக்குள் பூட்டி வைத்திருந்தவளே நான்தான்.

வீட்டுக்குப் போனால், என் மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சோற்றுக்கு அரிசி எடுக்கப் போயிருக்கிறாள். மடியில் இரண்டாம் பாகம். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புத்தகத்தில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டியபடியே கேட்டாள்.

"அவங்க படிச்சா தாங்க மாட்டாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? உன் கதையில அந்த ஊர்க்காரங்க எல்லாம் சொல்ற அதே பேச்சுத்தானே இது?"

எழுதின எனக்கு அது உறைக்கவில்லை. பதிப்பாளர், பாய், கறிக்கடைக்காரர் எல்லோரும் தள்ளிவிட்டுப்போன அத்தியாயத்தை என் மகள் ஒழுங்காகப் படித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷமும் வெட்கமுமாகப் புத்தகத்தை வாங்கி என் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லவ்டேல் வழியாக ஊட்டி பஸ், அங்கிருந்து இத்தலார் பஸ். டீச்சர் வீட்டுக்குப் பின்னால் கேரட் வயல். முன்வாசலில் நாற்காலி போட்டு, வெயிலில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தார். பையன் ஊட்டி போயிருந்தான். என்னைப் பார்த்ததும் திகைத்து எழுந்து, "வாங்க, வாங்க, என்னங்க தனியா?" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

"இத எடுத்து வச்சிருந்தது நான்தானுங்க. பாய் மேல தப்பில்லை. உங்க வீட்டுக்காரரு விஷயம் அப்புறந்தான் தெரிஞ்சுது. இதுல பதினேழாம் அத்தியாயம் ஒண்ணு இருக்குதுங்க. அதை மட்டும் விட்டுட்டுப் படிங்க. எல்லாருமே விட்டுட்டுத்தான் படிக்கறாங்க. கதைக்கு ஒரு கொறையும் வராதுங்க."

என் புத்தகத்தைப் பற்றி நானே இப்படிச் சொல்லும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. டீச்சர் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராகப் பதினேழாம் அத்தியாயத்தைப் பிரித்தார்.

பன்னிரண்டு பக்கம். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தன் எழுத்தை ஒருவர் கண்ணெதிரே படிக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எந்தக் கொலையையும்விடக் கொடுமை. காபி ஆறிப்போயிற்று. ஒரு பக்கத்தில் அவர் விரல் நெடுநேரம் நின்றது. ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு, மறுபடி பின்னால் போய் முதலிலிருந்து படித்தார். முடித்ததும் புத்தகத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"லாரி உருண்டது காத்தால ஆறு மணிக்குங்க. எனக்குச் சொன்னது மத்தியானம். தார்ப்பாயில சுத்திக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டாந்தாங்க. மூஞ்சியப் பாக்கணும்னேன். வேண்டாம் டீச்சர், நீங்க தாங்க மாட்டீங்கன்னாங்க. அண்ணன், தம்பி, பக்கத்து ஊட்டுக்காரங்க, எல்லாருமே. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. கட்டுனது கட்டுனபடியே கொண்டு போயிட்டாங்க. உள்ளே இருந்தது அவருதானான்னே எனக்குத் தெரியாதுங்க. எட்டு வருஷமா, அவரு எங்கியோ லோடு எறக்கத்தான் போயிருக்கறாருன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்னு தெரியும். ஆனா இருக்குதுங்க."

நான் ஆறிய காபியைக் கீழே வைத்தேன்.

"உங்க கதையில அவ வாசலை மறிச்சு உக்காந்துட்டு, அவுருங்கறா. அவுத்தாங்க. அவ தொடைச்சா. நானும் பக்கத்துல உக்காந்து தொடைச்சேனுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்குத்தானுங்க அவரு செத்தாரு."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். கேரட் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் அழுகையை நிறுத்தியவர் அவர்தான். டீச்சர் அல்லவா.

"முதல் பாகம் படிச்சுப்போட்டு எனக்கு மனசே சரியில்லீங்க" என்றார். "இந்தம்மா இத்தனை பேரைக் கொல்றாங்க, செத்தவங்களுக்கு ஒருத்தரும் அழக் காணமேன்னு இருந்துச்சு. சாவறவன் செத்துட்டே இருக்கறான், கதை அது பாட்டுக்கு ஓடுது. இப்படி மனசு இருக்கற ஊட்டுலயா பொண்ணு எடுக்கறதுன்னு யோசிச்சேன். சரி, ரெண்டாம் பாகத்தையும் பாத்துப்போட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அதைத் தூக்கி ஒளிச்சு வச்சுட்டீங்க."

"அரிசி டிரம்முலங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பையனுடைய சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. "நாள் பாக்கச் சொல்லுங்க, சம்பந்திம்மா" என்றார். எனக்கு மறுபடி அழுகை வரப் பார்த்தது. அவரே அதைக் கெடுத்தார். "ஆனா கொலைகாரன் யாருன்னு முதல் பாகத்துலயே தெரிஞ்சு போச்சுங்க. அதிகாரியோட மச்சான்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறாம் அத்தியாயம் வரை கட்டிக் காத்த ரகசியம் அது. "எப்படிங்க தெரியும்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"ஊரே பயந்து கெடக்குது. அவன் ஒருத்தன் மட்டும் நல்லாச் சாப்புடறான்" என்றார்.

இரண்டாம் பாகத்தை அவர் திருப்பித் தரவில்லை. பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வாடகை நோட்டை மூடி வைத்தார். பிறகு, "நான்கூடப் பதினேழைத் தள்ளிட்டுத்தானக்கா படிச்சேன்" என்றார். முதல் பாகம் மட்டும் கடையில் இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்து கேட்டவர்களுக்கெல்லாம், கடையை மூடுகிற வருடம் வரைக்கும், இரண்டாம் பாகம் வெளியே போயிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கோயம்புத்தூர் போவதாக ஏற்பாடு. கோத்தகிரி வழியாகப் போய்விடலாம், நானும் மகளும் ஊட்டிக்கே வந்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். வேண்டாம், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள் என்று பதில் வந்தது. ஊட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் ஓரமாக, பள்ளம் பார்த்த பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து எனக்காகப் பிடித்திருந்தார். என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் கிளம்பியது. ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்கக் குளிர் விட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பர்லியார் நெருங்கும்போது என் கையைப் பிடித்தார். நான் பிடியை விடவில்லை. அந்த வளைவு வந்ததும் ஜன்னலை முழுதாக ஏற்றி, தலையை வெளியே நீட்டாத குறையாகக் கீழே பார்த்தார். பஸ் திரும்பி, பள்ளம் மறைந்து, அடுத்த வளைவும் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. குரல் நன்றாகவே இருந்தது.

"பாதையெல்லாம் சரியா எழுதியிருக்கறீங்க. ஆனா அந்த எடத்துல மூங்கில் இல்லீங்க. பாக்கு மரம். நல்லா ஒசந்து நிக்குது."

"பஸ்ஸுல போகையில அவசரத்துல பாத்ததுங்க. அடுத்த பதிப்புல மாத்திடறேனுங்க" என்றேன். அடுத்த பதிப்பு என்று ஒன்று வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் எப்ப வருமோ" என்று கைப்பையைத் திறந்தார். பாய் அட்டை போட்ட இரண்டாம் பாகத்தை எடுத்து, பதினேழாம் அத்தியாயத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். அந்தப் பக்கங்களின் ஓரம் மற்ற இடங்களைப் போலவே கறுத்திருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். நான் மூங்கிலை அடித்துவிட்டு மேலே பாக்கு மரம் என்று எழுதினேன். பஸ் ஆடியதில் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.